பட்டியலில் இல்லாத அண்ணன்

புதன்கிழமை. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் காலை ஐந்து பத்துக்குப் புறப்பட்டது. நூற்று நாற்பது கிலோமீற்றர். பக்கத்து இருக்கையில் கிளிநொச்சிக்குப் போகும் ஓர் அம்மா இருந்தார். ஓமந்தை வருவதற்குள் என் வேலை, சம்பளம், கலியாணம் மூன்றையும் விசாரித்து முடித்துவிட்டார். கலியாணம் ஆகவில்லை என்றதும் கொஞ்ச நேரம் எனக்காகக் கவலைப்பட்டார்.

“கூடப்பிறந்தவை எத்தினை பேர் பிள்ளை?”

“நான் ஒரே பிள்ளை, அம்மா.”

வாய்க்குப் பழகிப்போன பொய் அது. மடியிலிருந்த பைக்குள் அண்ணனின் பிறப்புச் சான்றிதழும் வைத்தியரின் கடிதமும் இருந்தன. அவனுக்கு ஓர் இடம் தேடித்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு நாற்பத்து நான்கு வயது, எனக்கு நாற்பத்தொன்று. அவனுக்குப் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. தானே குளிப்பான், உடுப்பான், சட்டைத் தெறியைத் துளைக்குள் விட்டுப் பூட்டத் தெரியாது. அம்மா போன வருடம் காலமான பிறகு அளவெட்டி வீட்டில் சின்னம்மாதான் அவனைப் பார்க்கிறார். அவர் அடுத்த மாதம் திருகோணமலைக்கு மகனிடம் போகிறார். நான் இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாம். ஆனால் நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவன் எங்கே இருப்பான்? பகலில் வைத்துப் பார்த்து, கைவேலை ஏதாவது பழக்குகிற இடம் கிடைத்தால் அவன் என்னோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் எங்கோ ஒரு விடுதியில் கொண்டுபோய் விடவேண்டியதுதான்.

காலை எட்டரைக்கு அரியாலையில் இறங்கினேன். கடலேரிப் பக்கம் போகும் ஒழுங்கையில் பத்து நிமிடம் நடந்தால் விசேட பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் இளம் வயதுக்காரர், நல்ல மனிதர். பதினெட்டு வயதுக்கு மேல் தாங்கள் எடுப்பதில்லை என்று சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார். சின்ன வயதில் ஏன் கூட்டி வரவில்லை என்றும் கேட்டார். அம்மாவிடம் கேட்கவேண்டிய கேள்வி, நான் என்ன சொல்ல? சுன்னாகத்தில் வளர்ந்தவர்களுக்கான பகல் நிலையம் ஒன்று இருப்பதாக ஒரு துண்டில் வழி எழுதித் தந்தார்.

யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து பஸ் மாறி, காங்கேசன்துறை வீதியால் பதினொரு கிலோமீற்றர். சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வழி கேட்டேன். நாலு பேர் நாலு திசை காட்டினார்கள். ஐந்தாவது ஆள் கூடவே வந்து படலையைத் திறந்துவிட்டுப் போனார்.

பழைய வீடொன்றின் விறாந்தையில் பன்னிரண்டு பேர் மிளகாய்த்தூள் பைகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்த ஒருவர் கோணலாக ஒட்டிவிட்டுத் தானே சிரித்தார். அந்த மனிதரை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறுப்பான ரீச்சர் சுற்றி வளைக்காமல் கதைத்தார். “ஒரு இடம்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. புது ஆக்களோடை இருப்பாரோ எண்டு நான் பாக்கவேணும். விதானையாரின்ரை கடிதமும் வேணும்.”

சந்தைக்கு முன்னால் ஒரு கடையில் சோறு சாப்பிட்டேன். மரக்கறிச் சாப்பாடு முந்நூற்றைம்பது ரூபா, மோர் வேறு. நல்ல செய்தி, யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. தொலைபேசியை எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பதினெட்டு வருடம் ஒரே கந்தோரில் கூட வேலை செய்கிறவர்கள், அறையை வாடகைக்குத் தந்தவர், பள்ளித் தோழிகள் இருவர். எனக்கு அண்ணன் இருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு சனத்துக்குள் அன்று போல் நான் தனித்துப் போனதில்லை. தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு மோரைக் குடித்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, அளவெட்டி விதானையாரின் கந்தோர். கிராம அலுவலர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊருக்கு அவர் இன்னும் விதானையார்தான். எங்கள் குடும்பப் பட்டியலைத் தேடி எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“உங்கடை வீட்டிலை ஒரு பிள்ளை எண்டெல்லோ கிடக்கு?”

வாங்கில் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அம்மா ஓர் ஆளையே மறைத்திருக்கிறார். அண்ணன் இப்படி இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்கு வருகிற சம்பந்தம் நின்றுவிடும் என்ற பயம். எங்கள் பக்கத்தில் இந்தப் பயம் இல்லாத வீடு குறைவு. சம்பந்தங்கள் வந்தன, சாதகம் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள். எனக்காக அவனை இல்லாமலாக்கியதுதான் மிச்சம். அம்மாவின் மேல் எனக்கு வந்த கோபம், செத்தவர் மேல் வரக்கூடாத அளவு கோபம்.

“ரெண்டு பிள்ளையள். நான் இளையவள்” என்றேன். வாங்கிலிருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். விதானையார் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, சின்னம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிவரச் சொல்லி, பதினொரு மணிக்குக் கடிதத்தைத் தந்தார்.

வெள்ளிக்கிழமை. எட்டரைக்கு ஓட்டோ சொல்லியிருந்தேன். வீட்டிலிருந்து நிலையம் நாலு கிலோமீற்றர், போக ஐந்நூறு ரூபா. நீலச் சட்டை போட்டு, தெறி பூட்டி, சீப்பால் தலை இழுத்து அண்ணனைக் கதிரையில் இருத்தியிருந்தேன். புதுச் செருப்பைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. சத்தம் கேட்டதும் எழும்பினான். வாசலுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

“வெளியாக்கள் வந்தால் உப்பிடித்தான். கொம்மா பழக்கி விட்டது” என்றார் சின்னம்மா. அப்பா இல்லாத வீட்டில் ஆண்பிள்ளைச் செருப்பு வாசலில் கிடந்தால் யாருடையது என்று கேட்பார்களாம். அதனால் செருப்பையும் கையோடு எடுத்துப்போகப் பழக்கியிருக்கிறார்.

கதவைத் தள்ளினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில், செருப்பை மடியில் வைத்தபடி இருந்தான். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தான்.

“தங்கச்சியைப் பொம்பிளை பாக்க ஆக்கள் வந்திருக்கினம்” என்று மெல்லச் சொன்னான். “நான் சத்தம் போடமாட்டன்.”

எத்தனை வருடம் இந்த மூலையில் எனக்காக மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தானோ? முன்னறையில் தேநீர்த் தட்டோடு நின்றபோதெல்லாம் நான் அவனை ஒரு தடவையாவது நினைத்தேனா? நினைக்கவில்லை. வெளியே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். அண்ணன் இன்னும் ஒடுங்கினான். நான் அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

“இல்லை அண்ணை. இண்டைக்கு உன்னைப் பாக்கத்தான் காத்துக்கொண்டிருக்கினம்.”

அவன் நம்பவில்லை. திரும்பவும் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்னபோது என் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு செருப்பு இரண்டையும் நிலத்தில் வைத்து, காலை நீட்டினான்.