லண்டனில் ராகு காலம்

என் மனைவி லண்டனுக்குக் கொண்டுவந்த பெட்டியில் இரண்டு கிலோ இட்லிப் பொடியும் பதினான்கு காலண்டர் தாள்களும் இருந்தன. கோவில்பட்டி வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரிலிருந்து, ஜூன் மாதத்தில் நாங்கள் இங்கே இருக்கப்போகும் நாள்களை மட்டும் கிழித்து கிளிப் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் அன்றைய ராகு காலம் அச்சாகியிருக்கும். அந்த நேரத்தில் அவள் வாசற்படி தாண்ட மாட்டாள்.

முன்பெல்லாம் இவ்வளவு மோசமில்லை. எட்டு வருடத்துக்கு முன் எங்கள் ஒரே மகள், டாக்டர் வேலைக்காக லண்டன் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. நட்டநடு ராகு காலம். "பிளைட்டு ராகுவைக் கேட்டுக்கிட்டுக் கிளம்பாது" என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றியவன் நான். அதன்பின் அவள் ஊருக்கு வந்தது இரண்டு முறை. இரண்டும் சேர்த்து இருபத்தொரு நாள். போன வருடம் ஈஸ்ட் ஹாமில் வீடே வாங்கிவிட்டாள். பிள்ளை இனி திரும்பி வரமாட்டாள் என்று என் மனைவிக்குப் பயம். அதற்கு யார் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

எனக்கு லண்டனில் ஒரே ஒரு ஆசைதான். அரண்மனையும் பாலமும் அது அது இருக்கிற இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். கிரீன்விச்சில் தரையில் போட்டிருக்கும் பூஜ்ஜிய டிகிரிக் கோடு, அதை மட்டும் பார்க்க வேண்டும். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தினேன். கரும்பலகையில் உருண்டை போட்டு நடுவில் கோடு இழுத்து, "உலகத்துக்கே இங்கிருந்துதான்டா மணி" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியிருக்கிறது. நானே பார்க்காத கோட்டுக்காக எத்தனை பையன்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேனோ.

வந்த இரண்டாம் நாளே தகராறு.

"இது சிவகாசியில அச்சடிச்ச காலண்டர். நம்ம ஊரு ஏழரைன்னா இங்க விடியக்காலம் மூணு. நீ தூங்கும்போதே ராகு காலம் போயிருச்சு" என்றேன்.

"ராகு என்ன, கோவில்பட்டியிலயே தங்கிட்டாரா? நம்ம பின்னாலயே பிளைட்ல வந்திருப்பாரு."

புவியியலில் இதற்குப் பதில் இல்லை. ஆகவே லண்டன் கடிகாரத்தில் சிவகாசி நேரத்தைப் பார்த்து நடப்பது என்று முடிவாயிற்று.

இரண்டாவது வாரத்துப் புதன்கிழமை, பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகு காலம். செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்து, ஒன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பினோம். தேம்ஸ் நதியைப் பார்த்தோம். "தண்ணி ஓடுது" என்றாள். எங்கள் பக்கத்து ஆள்களுக்கு அது பெரிய விஷயம்தான். திரும்பும்போது ரயிலில் குடையைத் தொலைத்தோம். மறுநாள் வியாழன், ஒன்றரை முதல் மூன்று வரை. மூன்று பத்துக்குக் கிளம்பிப் போய், ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் 'இன்னும் அரை மணியில் மூடிவிடுவோம்' என்று மிகவும் மரியாதையாகச் சொல்லக் கேட்டுத் திரும்பினோம்.

சனிக்கிழமை மதியம் ஊருக்கு விமானம். மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். "முதல்ல லூயிஷாம் சிவன் கோயில், அப்புறம்தான் உங்க கோடு" என்று மனைவி உத்தரவு போட்டாள். ஒன்பது மணிக்கே கிளம்பினோம். வழியில் ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில் ஒன்றில் ஏறவேண்டியிருந்தது. யாரும் ஓட்டவில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டவள், இறங்கும்போதுதான் திறந்தாள்.

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுத்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். எங்கள் வயது இருக்கும், புடவைக்கு மேல் ஸ்வெட்டர். மகளின் நட்சத்திரத்தைச் சொல்ல ஆரம்பித்த என் மனைவி, அந்தத் திங்கட்கிழமைக் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள். பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

"அதான் திரும்பி வரமாட்டேங்குறாளோன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது" என்றாள்.

"நாங்கள் சண்டை நேரம் ஊரை விட்டு வெளிக்கிடேக்கை ஆரும் நேரம் பாக்கேல்லை, அம்மா. பாத்துக்கொண்டு நிண்டிருந்தா, இதிலை இருந்து ரிக்கெற் கிழிக்க நான் இருந்திருக்க மாட்டன்" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார் அந்த அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்தார். "ராகு காலத்திலை துவங்கினது நிலைக்காது எண்டுதானே சொல்லுறவை? அப்பிடிப் பாத்தா உங்கட பிள்ளை ஊரை விட்டு வந்ததும் நிலைக்காதுதானே. ஏன் பயப்பிடுறியள்?"

என் மனைவி கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நான் அதிகம் பார்க்காத காட்சி அது.

சந்தேகம் தீரட்டும் என்று காலண்டர் தாள்களை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இது இந்தியாவின்ரை எல்லே. இஞ்சை இது சரிவராது. சூரியன் உதிச்சு மறையுமட்டும் எட்டாப் பிரிச்சு அதிலை ஒரு பங்கு எடுக்கிறது. இஞ்சை இப்ப இரவு ஒன்பது மணி வரைக்கும் வெயில். ராகு காலமே ரெண்டு மணித்தியாலம் வரும்" என்று சொல்லி, லண்டன் நேரம் போட்ட மாதத் தாள் ஒன்றைக் கொடுத்தார்.

கணக்கு என்னவோ நான் பாடம் நடத்திய கணக்குதான். எனக்குத்தான் தோன்றவில்லை. அர்ச்சனை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்து தாளைப் பார்த்தால், புதனும் வியாழனும் காத்திருந்து காத்திருந்து, சரியாக ராகுவின் வாயில் போய் விழுந்திருக்கிறோம்.

"அதான் குடை போச்சு" என்றாள் மனைவி. பிறகு அன்றைய நேரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்தேழுக்கு ஆரம்பம். மணி பத்து ஐம்பது. "எந்திரிங்க, எந்திரிங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பதினான்கு நாளில் அவள் என்னை அவசரப்படுத்தியது அப்போதுதான்.

கிரீன்விச்சில் குன்று ஏறி மூச்சு வாங்கிப் போய் நின்றோம். தரையில் ஒரு பட்டை. அதன்மேல் இரண்டு பக்கமும் கால் வைத்துப் படம் எடுக்க வரிசை. "இதுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். அவளுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று ஷூவைக் கழற்றினார்.

"நம்ம ஊரு எந்தப் பக்கம்?"

"கிழக்க. இந்தப் பக்கம்."

"அவ வீடு?"

ஈஸ்ட் ஹாம் எந்தப் பக்கம் என்று எனக்கும் உடனே தெரியவில்லை. போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். மயிரிழையில் கிழக்கு. "அவளும் இந்தப் பக்கந்தான்" என்றேன்.

அவள் இரண்டு காலையும் கிழக்குப் பக்கமே வைத்துக்கொண்டாள். மேற்கில் கால் வைக்க மறுத்துவிட்டாள். படத்தில் நான் இரண்டு உலகத்திலும் நிற்கிறேன், அவள் ஒன்றில் நிற்கிறாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கார் வரச் சொல்லியிருந்தோம். லண்டன் தாளின்படி ராகு காலம் எட்டு ஐம்பத்து மூன்றுக்கு. அதற்கு முன்பே கிளம்பத்தான் அந்த ஏற்பாடு. கார் வந்தது, பெட்டிகள் ஏறின. என் மனைவி மட்டும் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அம்மா, நேரமாச்சு. ராகு காலம் வந்துரும்" என்றாள் மகள்.

"வரட்டும்."

"பாஸ்போர்ட்டைத் தேடுறியா?" என்று கேட்டேன்.

"என்கிட்டதான் இருக்கு. சும்மா இருங்க."

கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது அடித்து ஐந்து நிமிடம் ஆனதும் எழுந்தாள். மகளின் கன்னத்தைத் தடவினாள், வலது காலை வைத்து வாசற்படி தாண்டினாள், காரில் ஏறினாள். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

தெரு முனை திரும்பியதும் கேட்டேன், "தெரிஞ்சேவா கிளம்புன?"

"ராகு காலத்துல ஆரம்பிச்சது நிலைக்காதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல" என்றாள். "நான் இவளை விட்டுட்டுப் போறது நிலைக்க வேண்டாம்."

கார் ஓட்டிய யாழ்ப்பாணத்துத் தம்பி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "நேரம் பிந்திப்போச்சு ஐயா. கொஞ்சம் வேகமாப் போகட்டோ?"

"வேண்டாம் தம்பி, மெதுவாவே போங்க" என்றேன்.