ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். பாரிசுக்குப் போய்வந்ததைச் சங்க மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். மறுத்துச் சொல்லவும் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, சித்திரை மாதம், சனிக்கிழமை. லண்டனில் காலையில் ரயில் ஏறி, டோவரில் கப்பல் மாறி, கலேயில் மறுபடி ரயில் பிடித்து, மாலை ஆறரைக்குப் பாரிஸ் வடக்கு நிலையத்தில் இறங்கினேன். ஏழு வருடமாகக் காணாத என் தம்பி நேசன் வந்து பெட்டியை வாங்கினான். அவனுடைய விரல்களெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தன. தனக்குக் கந்தோரில் எழுத்து வேலை என்றுதான் அம்மாவுக்கும் எனக்கும் எழுதியிருந்தான்.

அங்கிருந்து அவன் குடியிருக்கும் லா சப்பலுக்குப் பத்து நிமிட நடை. தலைக்கு மேலே மெத்ரோ ரயில் ஓடுகிறது. கீழே நம்மவர் கடையில் முருங்கைக்காயும் பாவற்காயும். ஒரு முருங்கைக்காய் ஆறு பிராங். விலையைக் கேட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு நேசன் புறப்பட்டான். இன்றைக்கும் கந்தோரா என்று கேட்டேன். "ஓம் அக்கா, இஞ்சை அப்பிடித்தான்" என்று படியிறங்கிவிட்டான்.

பால் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை கல்லாவுக்கு அடியிலிருந்து குறிப்பெழுதும் கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். பிரெஞ்சுப் பிரசாவுரிமை கேட்பவர்களை அரசாங்கம் அழைத்து, மொழி தெரிகிறதா என்று பேசிப் பார்க்கும். போய்வந்தவர்கள் தங்களிடம் கேட்டதையும் தாங்கள் சொன்னதையும் அந்தக் கொப்பியில் எழுதிவைக்கிறார்கள். பிரெஞ்சுதான், ஆனால் தமிழ் எழுத்தில். பழைய வினாத்தாள் இல்லாமல் நம்மவர் எந்தச் சோதனைக்குப் போனார்கள்?

"உங்கட தம்பி மூண்டு மாசமாப் பாடமாக்கிறான். என்ன வேணுமெண்டு கேட்டாலும் ஜனாதிபதியின்ர பேரைத்தான் சொல்லுறான்" என்றார்.

அவன் பாடமாக்கியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவனுடைய அகதிப் பயணப் புத்தகம் இலங்கை தவிர மற்ற நாடுகளுக்குத்தான் செல்லும். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வந்தால்தான் அவன் போய்ப் பார்க்கலாம்.

திங்கள் காலை அவனுடைய சோதனைக்காக நாலாம் இலக்க மெத்ரோவில் அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். வழி முழுக்க அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒன்பதரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பத்தேகாலுக்கு வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதிரே ஒரு கடையில் நின்றபடி கோப்பி குடித்தோம். நாலரைப் பிராங். அங்கேதான் சொன்னான்.

முதல் ஐந்து கேள்வியும் கொப்பியில் இருந்தவையே. ஆறாவதும் அப்படித்தான்; ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். குடும்பத்தோடு ஆற்றங்கரையில் உலாவுவேன் என்று பாடமாக்கியபடியே ஒப்புவித்தான். எதிரே இருந்து எழுதிக்கொண்டிருந்த அதிகாரி அம்மாள் பேனையை வைத்துவிட்டார்.

"'இந்த மாசம் ஆத்தங்கரையில உலாவுற ஏழாவது தமிழ் ஆள் நீங்கள். உங்களுக்குக் கலியாணமே ஆகேல்லை. எந்தக் குடும்பம்?' எண்டு கேட்டா, அக்கா. எனக்குத் தலை விறைச்சுப் போச்சு."

"பிறகு?"

"கொப்பியில இல்லாத கேள்விதானே. நாலு மணி மட்டும் சாப்பாட்டுக் கடைக் குசினியில சட்டி கழுவுறன் எண்டன். நாலு மணிக்குப் பிறகு என்ன செய்வியள் எண்டு அவ கேட்டா. அம்மாவுக்குக் கடிதம் எழுதுவன் எண்டன். என்ன எழுதுவியள் எண்டு கேட்டா." கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பொய் எழுதுறனான் எண்டன்."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேசியிருக்கிறான். குசினி, முதலாளி, கந்தோர் என்று வீட்டுக்கு எழுதியது, எல்லாம். குசினியில் கேட்டுப் பழகிய பிரெஞ்சு. முடிவில் அந்த அம்மாள், "உங்கட பிரெஞ்சு முழுக்கப் பிழை. ஆனா எனக்கு எல்லாம் விளங்கிச்சு" என்றாராம். முடிவைக் கடிதத்தில் அறிவிப்பார்கள், மாதக்கணக்காகும்.

எனக்கும் பொய் எழுதியவன்தானே என்று கோபப்பட நினைத்தேன். வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். லண்டனில் நான் மூன்று வருடமாக 'சொறி', 'தாங்க்யூ' என்ற இரண்டு சொல்லோடு காலம் தள்ளுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று அங்கே என்னை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் செவ்வாய், காலை ரயிலுக்குப் போகும் வழியில் நேசன் கடைக்குள் நுழைந்து, கொப்பியில் ஆறாவது பதிலைப் பேனையால் கோடிழுத்து வெட்டினான். கேள்வியை மட்டும் விட்டான்.