ஆதிகேசவன் எழுத்துப் பலகையைப் படித்த கதை

ஆதிகேசவனுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது எங்கள் ஆலையில் ஒன்பது வருஷமாக இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அவன். இன்னொருவன் கிஃபாயத்துல்லா என்கிற நான். அவன் மனைவி கங்கம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவள் ஆலைக்கு வருவதில்லை, அதனால் சேர்க்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கட்டடக் கம்பி செய்யும் ஆலை அது. கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவது அவன் வேலை. கட்டுகளைத் தூக்கும் கிரேனுக்கு விசில் ஊதிச் சைகை காட்டுவது என் வேலை. புதுவாயல் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளை அவன். பத்தாவதில் தோற்று, நேராக ஆலைக்கு வந்துவிட்டான். வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறை விழுந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும். நேராகப் பார்ப்பதுதான் தெரியாது. அதனால் யாரிடம் பேசினாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பேசுவான். புதிதாக வரும் சூப்பர்வைசர்கள் திமிர் பிடித்தவன் என்பார்கள். திமிரும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆலையில் உடல் பரிசோதனை நடக்கும். சுவரில் ஒரு எழுத்துப் பலகை, மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகப் பொடி எழுத்து. எல்லா வருஷமும் அதே பலகை. ஈ, எஃப், பி, டி, ஓ, இசட். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நான்தான் அவனுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தேன். பத்தாவதில் தோற்றவன் இதை ஒரே மதியத்தில் மனப்பாடம் செய்தான். கண் தெரியாதவனைக் கிரேனுக்குக் கீழே நிற்கவைத்த பாவத்தில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டு மேலே வரும்போது அவனுக்காக ஒரு விசில் கூடுதலாக ஊதுவேன். அது போதும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

2006இல் பொன்னேரியில் நடந்த கண் முகாமுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியும் உதவாது, ஆபரேஷனும் உதவாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியே பிரின்சி என்ற பெண் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்வை குறைந்தவர்களுக்கு ஜூடோ சொல்லித்தருகிறவள். நோட்டீஸைக் கொடுத்தவள் இவன் மணிக்கட்டு உருண்டு திரண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா வேலைண்ணே செய்றீங்க?"

"கம்பி கட்றேம்மா."

"அப்ப ஞாயித்துக்கிழம சர்ச் ஹாலுக்கு வந்துடுங்க."

இந்த ஜூடோவில் ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பிக்கும் முன்பே இரண்டு பேரும் எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் ஆட்டம். பிடி விட்டுப்போனால் நடுவர் நிறுத்துவார். இருவரையும் நடுவுக்கு அழைத்து வந்து, கையை எடுத்து எதிராளியின் சட்டைமேல் மறுபடி வைப்பார். முதல் நாள் பிரின்சி இவனை ஏழு தடவை கீழே போட்டாள். திரும்பி வரும்போது ரயிலில் இவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"கம்பிக் கட்டு மாதிரிதான் பாய். எந்தப் பக்கம் சாயுதுன்னு கையே சொல்லிடுது" என்றான்.

மூன்று வருஷம் ஒரு ஞாயிறு தவறவில்லை. 2009 ஜனவரியில் டில்லியில் ஒரு சர்வதேசப் போட்டி. ஆறு நாட்டுக்காரர்கள் வருகிறார்கள், ஆதியும் ஆடலாம் என்றாள் பிரின்சி. ஆலையில் அவன் நாயுடுப்பேட்டையில் கல்யாணம் என்று லீவு போட்டான். நான் பழவேற்காட்டில் இன்னொரு கல்யாணம் என்று சொல்லிவிட்டு, துணை ஆளாகக் கூடவே போனேன்.

போட்டிக்கு முந்தைய நாள் கண் பரிசோதனை. கண் நன்றாகத் தெரிகிறவன் இதில் ஆட முடியாது. வெளிநாட்டு டாக்டரம்மா ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்க்க நம்மூர்ப் பையன் ஒருவன். நான் அறையின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா விளக்கைப் போட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். அதே பலகை.

"இன்னா எழுத்து தெரியுது, சொல்லுங்க" என்றான் பையன்.

ஆதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தான். ஈ, எஃப், பி, டி, ஓ, இசட். ஐந்து வரி. மூச்சு விடவில்லை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவருக்குப் பார்வை இருக்கிறது, ஆட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து என்னிடம் கேட்கிறான்: "இன்னா பாய், நல்லாத்தான படிச்சேன்?"

"நீ நல்லா படிச்சதுதான்டா பேஜாரு!" என்று கத்தினேன்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "வெள்ளக் கோட்டப் பாத்ததும் வாய் தானா ஓடிடுச்சி பாய்" என்றான். ஒன்பது வருஷப் பழக்கம். எனக்குக் கோபம் அவன்மேலா என்மேலா என்று தெரியவில்லை.

பிரின்சி ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்தாள். இன்னொரு தடவை சோதிப்பார்களாம். ஆனால் முதல் தடவை எப்படிப் படித்தார், ஏன் மனப்பாடம் செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். அந்தக் காகிதம் எப்படியாவது கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

"வேணாம் ஆதி, ஊருக்குப் போய்டலாம்" என்றேன். என் வேலையை நினைத்துத்தான் சொன்னேன். இப்போது மறைத்து என்ன?

 "எழுது பாய்" என்றான் ஆதி.

எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். கீழே நான் போட்டேன். இந்த முறை பலகையில் ஒரே எழுத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நின்றது. எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

"தெரியல" என்றான் ஆதி. குரலே எழும்பவில்லை. அடுத்ததைக் காட்டினார்கள். "தெரியல." பலகையைக் கிட்டே கொண்டுவந்தார்கள். "தெரியல சார்." பொன்னேரி முகாமை விட்டால், ஒன்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து இந்த வார்த்தை வெளியாள் காதில் விழுந்தது அன்றுதான். 

மறுநாள் ஆடினான். முதல் ஆட்டத்தில் கசகஸ்தான்காரன் ஒரு நிமிஷத்துக்குள் அவனைத் தூக்கிப் போட்டுவிட்டான். இரண்டாவதில் நாலு தடவை பிடி விட்டுப்போனது. நாலு தடவையும் நடுவர் வந்து, தோளைத் தொட்டு அழைத்துப்போய், கையை எடுத்து எதிராளியின் சட்டையில் வைத்தார். ஐந்தாம் தடவை ஆதி விடவில்லை. எதிராளியைக் கீழே தள்ளி இருபத்தைந்து விநாடி அமுக்கிப் பிடித்து ஜெயித்தான். மூன்றாவதில் தோற்றான். பதக்கம் இல்லை. அந்தக் காகிதம் டில்லியிலேயே ஒரு கோப்புக்குள் போய்விட்டது, யாரும் தேடமாட்டார்கள் என்றாள் பிரின்சி. அப்பாடா என்று ஊர் வந்து சேர்ந்தோம்.

பிப்ரவரி வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஆதி. சுவரில் அதே பலகை.

"படிப்பா" என்றார் கம்பவுண்டர்.

"தெரியல சார்."

"இன்னாபா வெளாட்றியா? வருஷா வருஷம் கடகடன்னு சொல்லுவியே?"

"அது மனப்பாடம் சார்."

நான் அவன் முதுகில் குத்தினேன். அவன் அசையவில்லை.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார், நானேதான்."

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. "நான்தான் சார்" என்றேன். எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். ஆதியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே அவனைப் பிடித்து உலுக்கினேன். "பைத்தியமாடா உனக்கு? அந்தக் காயிதம் இங்க வரவே இல்லியே! எப்பவும் போல சொல்லிட்டுப் போய்க்கினே இருக்க வேண்டியதுதான?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான்.

"அங்க தெரியலன்னு சொன்னேன் பாய். ஒருத்தன் வந்து என் கையப் புடிச்சி, வெக்க வேண்டிய எடத்துல வெச்சான். இங்க ஒம்போது வருஷமா நான் சொல்லவே இல்ல. சொன்னாத்தான யாராச்சும் வெப்பாங்க?"

 சஸ்பென்ஷன் முடிந்ததும் யூனியன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தேன். ஒரு நாள் இல்லை, ஏழு வாரம். கடைசியில் ஆதிக்குக் கிரேன் போகாத பின்பக்க ஷெட்டில், கட்டுவதற்கான மெல்லிய கம்பியை வெட்டி வளையம் போடும் வேலை கொடுத்தார்கள். சம்பளம் முன்னைவிடக் குறைவுதான்.

முதல் நாள் காலையில் நான்தான் அவனை அங்கே கூட்டிப்போனேன். கம்பிச் சுருள் எங்கே, வெட்டுகிற கத்தி எங்கே என்று வாயால் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, அவன் கையைப் பிடித்துச் சுருளின்மேல் வைத்தேன்.