மீட்டருக்கு இந்தப் பக்கம்

முக்கோனோவில் பள்ளி ஆசிரியராக இருந்த லுயிம்பாசி, வீட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறை கட்டினார். அதற்கு மின்சாரம் கொண்டுபோக, ஒயர்மேனைக் கூப்பிடாமல், முற்றத்தின் குறுக்கே ஒரு சாண் ஆழத்தில் தானே கேபிளைப் புதைத்தார். குழாய்கூடப் போடவில்லை.

"வாத்தியாரே, கேபிள் பொதைக்கிறீங்களா, கிழங்கு நடுறீங்களா?" என்று மைத்துனர் கேட்டுச் சிரித்தார்.

லுயிம்பாசியின் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் போட, பந்தல்காரர் கியெம்பா வந்தார். மழையில் தரை ஊறிக் கிடந்தது. இரும்பு முளையை ஊன்றும் முன், "ஐயா, கீழ கேபிள் ஏதாச்சும் ஓடுதா?" என்று கேட்டார்.

மைத்துனர் பக்கத்திலேயே மத்தோக்கே வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்; கேபிள் என்றால் மறுபடியும் கிழங்குப் பேச்சை எடுப்பார். கேபிள் இரண்டடி தள்ளித்தான் போகிறது என்று லுயிம்பாசி தமக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லப்பா. அடி."

மூன்றாவது அடியில் கியெம்பா முளையைப் பிடித்தபடியே சாய்ந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மின்வாரிய அதிகாரி வந்தபோது, "உங்க கரண்டு ஒரு ஆளையே முழுங்கிடுச்சு" என்றார் லுயிம்பாசி.

அதிகாரி மீட்டரைக் காட்டினார். "கம்பத்துலேர்ந்து இது வரைக்கும் எங்க பொறுப்பு. இதுக்கு இந்தப் பக்கம் உங்க பொறுப்பு, ஐயா. யாரு பொதைச்சது?"

"ஒயர்மேன் ஒருத்தன்."

கியெம்பாவின் மனைவி நாமுலி, பெரியவர்களிடம் பேசும்போது அந்த ஊர்ப் பெண்கள் செய்வதுபோல் லுயிம்பாசி முன் மண்டியிட்டுக் கேட்டாள்: "அவன் பேர மட்டும் சொல்லுங்க, ஐயா."

அவர் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரில் அந்த ஊரில் யாரும் இல்லை. அவள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.