சூசையின் கைக்குள் இருந்த சாவி

செலின் சிஸ்டர் போன செவ்வாய்க்கிழமை காலை இறந்துபோனார். ஈரலில் புற்றுநோய். முட்டத்து மீன் ஏலக்கூடத்தில் ஏலம் பாதியில் இருந்தபோது அவருடைய மகள் போனில் அழைத்துச் சொன்னாள். நான் கையைத் தூக்கினேன், ஏலம் நின்றது. ஏலம் கூறுகிற சூசைதான் முதலில் தலைத்துண்டை அவிழ்த்தான். அவன் உயிரோடு நின்று அழுவதற்கே சிஸ்டர்தான் காரணம் என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அடக்கத்தின்போது ஒருவர் என் காதருகே வந்தார். “அண்ணாச்சி, அந்த மெஷின் இருந்துச்சுல்லா, அத அவங்களுக்கும் வச்சுப் பாத்திருக்கலாமே?” எனக்குக் கோபம் வரவில்லை. அதே கேள்வியை நான் சிஸ்டரிடமே கேட்டவன்.

சிஸ்டர் பதினெட்டு வருடம் வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்து, ஏலக்கூடத்துக்கு எதிரே ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். ஒருநாள் என் ஐஸ் கம்பெனிக்கு, இதயத்துக்குக் கரண்ட் கொடுக்கிற ஒரு மெஷினின் படத்தோடு வந்தார். “அண்ணாச்சி, அங்க கடைகள்ல தீயணைக்கிற குப்பி மாதிரி இதச் செவுத்துல மாட்டி வச்சிருப்பாவ. நம்ம கூடத்துக்கும் ஒண்ணு வேணும்.” விலை, ஒரு புது மோட்டார் சைக்கிள் அளவுக்கு. சைக்கிளில் ஐஸ் கட்டிச் சுமந்து மேலே வந்தவன் நான். கேள்வி கேட்காமல் எதையும் வாங்கியதில்லை.

“செத்தவன எழுப்புமா?”

“எழுப்பாது. துடிப்பே இல்லாம அடங்கிப் போச்சுன்னா அது கரண்டே குடுக்காது.”

“பின்ன எதுக்கு?”

சிஸ்டர் கூடத்தைக் கை காட்டினார். “எல்லாரும் ஒரே நேரத்துல விலை கூவினா என்ன ஆவும்?”

“ஏலம் நடக்காது. சூசை மேசைய ஓங்கி அடிப்பான். எல்லாவனும் வாய மூடுவான். பொறவு ஒழுங்கா நடக்கும்.”

“அவ்வளவுதான். சில நேரம் இதயம் அப்படித் தாறுமாறாத் துடிக்கும். ரத்தம் போவாது. இது மேசைய அடிக்கும்.”

“குடிச்சிட்டு ஒருத்தன், தூங்குகவன் நெஞ்சுல கொண்டு ஒட்டிட்டான்னா?”

“மெஷின் முதல்ல துடிப்பப் பாக்கும். சரியா இருந்தா மறுத்துரும். அதுக்கு நம்மள விடப் புத்தி ஜாஸ்தி. ஆனா ஒண்ணு, கரண்ட் குடுக்கும்போது அவர யாராவது தொட்டுட்டு நிக்காவளான்னு அதுக்குத் தெரியாது. அத நாமதான் பாக்கணும்.”

அந்தக் கடைசிப் பதிலில் நான் விழுந்துவிட்டேன். தன்னால் ஆகாததையும் சேர்த்துச் சொல்லி விற்கிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

வாங்கினேன். வாங்கியதும் வியாபாரி புத்தியைக் காட்டினேன். சுவரில் மாட்டச் சொன்னார். களவு போகும் என்று கூடத்து ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டேன். சிஸ்டர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

ஒரு காலை, சாளை ஏலத்துக்கு நடுவே சூசை சரிந்தான். கைகால் இழுத்தது, தொண்டையில் ஏதோ இழுப்புச் சத்தம். “வலிப்பு! இரும்பு குடுங்க!” என்று நாலு பக்கமும் கத்தினார்கள். நான்தான் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவன் கையில் வைத்தேன். அது நழுவாமல் அவன் அண்ணன் மரியதாஸ் தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். ஒருவன் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான்.

சிஸ்டர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். “இது வலிப்பு இல்ல. மூச்சு இல்ல. ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. இழுத்து மேட்டுல போடுங்க, இங்க தண்ணி கெட்டிக் கெடக்கு.” காய்ந்த இடத்தில் கிடத்தியதும் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கத் தொடங்கினார். “அண்ணாச்சி, மெஷின்!”

ஓடினேன். அலமாரி முன்னால் நின்று இடுப்பைத் தடவியபோதுதான் சாவி எங்கே இருக்கிறது என்பது உறைத்தது. திரும்ப ஓடிவந்தால் மரியதாஸ் கொடுக்க மாட்டேன் என்கிறார். “இரும்ப எடுத்தா என் தம்பி போயிருவான் அண்ணாச்சி!”

சிஸ்டர் அமுக்குவதை நிறுத்தவில்லை. “அண்ணே, உங்க தம்பிய எழுப்புக சாமான் அந்தச் சாவியிலதான் பூட்டிக் கெடக்கு. குடுங்க.”

மரியதாஸ் கையை விரித்தார். பெட்டி வந்தது. பனியனைக் கிழித்து, நெஞ்சில் இருந்த ஈரத்தையும் மீன் செதிலையும் துண்டால் அழுத்தித் துடைத்தார். கழுத்தில் கயிற்றோடு கிடந்த மாதா உத்தரியத்தை ஓரமாக ஒதுக்கினார். ஒட்டுத்தாள் ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே. மெஷின் இங்கிலீஷில் பேசியது. “யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுது. வெலகுங்க!”

எல்லாரும் விலகினோம். மரியதாஸ் மட்டும் மறுபடியும் தம்பியின் கையைப் பிடித்திருந்தார்.

“விடுங்க அண்ணே.”

“ஒரே வயித்துல பொறந்தவன். நான் விட மாட்டேன்.”

“உங்களுக்கும் அடி விழும். அப்புறம் நான் காப்பாத்த ரெண்டு பேரு, மெஷின் ஒண்ணுதான்.” சிஸ்டரின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அமுக்கவில்லை. அந்தப் பொறுமையை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நானாக இருந்தால் அமுக்கியிருப்பேன். மரியதாஸை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தேன். சிஸ்டர் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தார். “யாரும் தொடல்ல!” அமுக்கினார். சூசையின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அடுத்த நொடி அவர் மறுபடியும் நெஞ்சை அமுக்கத் தொடங்கிவிட்டார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சூசை முனகிக் கையை அசைத்த பிறகுதான் நிறுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒட்டுத்தாளைப் பிரிக்க விடவில்லை.

மறுநாள் என் ஆபீசுக்கு வந்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். “களவு போனா மெஷின்தான் போவும் அண்ணாச்சி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றே பெட்டியை ஏல மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டினேன். உள்ளே சிஸ்டர் ஒரு துண்டும், நெஞ்சு முடியை மழிக்க ஒரு சவரக்கத்தியும் வைத்தார். இதுவரை அந்தத் துண்டுகூடக் களவு போகவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் வந்து, பச்சை விளக்கு எரிகிறதா, ஒட்டுத்தாள் காலாவதி ஆகிவிட்டதா என்று பார்ப்பார். சும்மா செய்ய மாட்டார். கூலி, ஒரு நெய்மீன் தலை.

மூன்று வாரத்துக்கு முன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆள் பாதியாகிக் கிடந்தார். “பெட்டிய இங்க கொண்டு வரட்டா சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தார். “அது என்ன மாதா சுரூபமா, வீடு வீடாக் கொண்டு போவ? எனக்கு நெஞ்சு ஒழுங்காத்தான் அடிக்கி. கெட்டது ஈரல். மெஷின் மறுத்துரும். நீங்க இங்க கொண்டு வந்த நேரம் பாத்து அங்க ஒருத்தன் விழுந்தா?” பிறகு கேட்டார்: “இனி பச்ச விளக்க யாரு பாப்பாவ?”

“நான் பாக்கேன்.”

“வியாபாரி சும்மா செய்வீயளா?”

“கூலி பேசுங்க” என்றேன்.

படுத்தபடியே பேசினார், நானும் விடாமல் பேசினேன். இன்று அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒப்பந்தம்தான். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. முதல் சனிக்கிழமை விளக்கையும் தேதியையும் நானே பார்க்க வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. பேட்டரி, ஒட்டுத்தாள் செலவு என்னுடையது. நெய்மீன் தலை மாதாமாதம் மரியதாஸ் வீட்டுக்கு. பதிலுக்கு, யார் விழுந்தாலும் கூட்டத்தின் கைகளைப் பிரித்து விலக்குவது மரியதாஸின் பொறுப்பு. எனக்குக் கூலி: நான் விழுகிற அன்று பெட்டி திறந்திருக்கும்.