அம்மாவின் கண்ணும் ஒரு மேக்னட்டும்

என் கணவருக்குக் காளவாசல் பக்கம் கேட், கிரில் செய்யும் பட்டறை. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். ஆனையூரில் அம்மா கட்டிய புது வீட்டுக்கு மறுநாள் காலையில் பால்காய்ச்சு. கேட் மாட்டாத வீட்டில் பால் காய்ச்ச மாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். அதனால் மத்தியானம் முழுக்க இவர் பட்டறையில் அந்தக் கேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பார்க்க வந்த அம்மா வாய் நிறையச் சொன்னார். "மாப்ள, எம்புட்டு அழகா வந்திருக்கு! தெருவே கண்ணு வைக்கப் போகுது."

சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். அடுத்த வெல்டிங் ராடிலேயே நெருப்பு கோணிக்கொண்டது. மூலையில் வைத்தால் பக்கவாட்டில் பாய்ந்து, இரும்பில் பற்றாமல் பொறியாகத் தெறித்தது. ராடை மாற்றினார், கரண்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். ம்ஹூம்.

"தெரு எதுக்கு? உங்கம்மா கண்ணு ஒண்ணே போதும்டி" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

காரணம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மூலை கோணாமல் பிடிக்க அன்றைக்குத்தான் பெரிய மேக்னட் ஒன்று வாங்கியிருந்தார். அம்மா கிளம்பிய கையோடு அதைக் கேட் மூலையில் ஒட்டினார். வெல்டிங் நெருப்பு வெறும் நெருப்பில்லை. சூட்டில் காற்றே உடைந்து, மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓடும் பிளாஸ்மா. பக்கத்தில் காந்தம் இருந்தால், நேரே போகிற ஆட்டோவைப் பஸ் ஓரங்கட்டுகிற மாதிரி, அந்தத் துகள்களை ஒதுக்கித் தள்ளிவிடும். பிளஸ் டூ பாடம்தான்.

ஆனால் ஆசையாக வாங்கிய சாமானைக் குறை சொன்னால் மனுஷன் கேட்பாரா? "அதெல்லாம் கிளாஸ்ல போய் நடத்து" என்பார். பேசாமல் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன்.

"கண்ணை மூடிக் கும்பிடுங்க. சுத்திப் போடுறேன்."

பக்தியோடு மூடிக்கொண்டார். வலது கையால் பழத்தைச் சுற்றினேன். இடது கையால் மேக்னட்டைத் திருகிப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டேன். மூலை ஏற்கெனவே அங்கங்கே பற்றியிருந்ததால் அசையவில்லை. மேக்னட் போனதைக் கவனிக்காமல் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ராடை வைத்தார். நெருப்பு நேராக நின்று சமர்த்தாகப் பற்றவைத்தது.

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், அவர் வாயைத் திறக்கும்வரை.

"பாத்தியா! அப்ப உங்கம்மா கண்ணேதான்."

ஐயோ என்றிருந்தது. பெற்ற தாயின் மேல் இருந்த சந்தேகத்தை நானே செய்முறை விளக்கத்தோடு நிரூபித்துவிட்டேன்.

விடிகாலையில் கேட்டை மாட்டும்போது இவர் மெல்லச் சொன்னார். "அத்தை, நீங்க செத்த உள்ள இருங்க. முடிச்சதும் கூப்பிடுறேன்."

ஆசை ஆசையாக வாசலில் நின்ற அம்மாவுக்கு முகம் வாடிப்போயிற்று. உள்ளே போனார். எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதென்று கேட் ஓரம் இவரிடம் போனேன்.

'டக்' என்று ஒரு சத்தம். தோளில் கிடந்த கைப்பை பாய்ந்து கேட்டில் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. இவர் பையைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ள சத்தம்?" உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"வெளிய வந்து நல்லா கண்ணு நிறையப் பாருங்க அத்தை" என்றார் இவர். "வரும்போது ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வாங்க. உங்க மகளுக்குச் சுத்தணும்."