கேஸ் புக்கிங், ஐந்து கீபோர்டுகளுக்கு

2011 முதல் இன்றுவரை யசோதா ரங்கநாதன் பதினான்கு பதிப்புகள் கொண்டுவந்திருக்கிறார். அச்சேறியது ஒன்றும் கிடையாது. எல்லாம் காளிகாட் மெட்ரோ வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பிறந்தவை. இடது ஓரத்தில் ஸ்டேப்ளர் பின், மேலே தலைப்பு, கீழே ‘ஸ்வரப்படுத்தியவர்: யசோதா’.

வயது ஐம்பத்தேழு. வேலை, ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸின் கிளெய்ம்ஸ் பிரிவில். மகன் அபிநவுக்காக வாங்கிய கீபோர்டை அவன் மூன்றே வாரத்தில் கைகழுவினான். அதன்மேல் துணி மடித்து வைக்க மனம் வராமல் யசோதாவே அதன்முன் உட்கார்ந்தார். சின்ன வயதில் நாலு வருஷம் வயலின் கற்றுக்கொண்டதில் ஸ்வர ஞானம் மட்டும் தங்கியிருந்தது. மேல்நாட்டுக்காரர்கள் ஐந்து கோடு போட்டு எழுதும் முறை அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. காதால் கேட்பார், ஸ ரி க ம என்று தமிழில் எழுதுவார். ஐரோப்பாவின் மேதைகள் ராத்தூக்கம் கெட்டு எழுதிய பியானோ உருப்படிகளுக்கு, தான் அவற்றை எங்கே கேட்டாரோ அந்த இடத்தின் பெயரையே சூட்டுவார். ‘ரிவர்ஸ் கார்.’ ‘லிப்ட்.’ ‘3B காலிங் பெல்.’ பதினான்கில் பெரிய வெற்றி ‘கேஸ் புக்கிங்’: கேஸ் ஏஜென்சிக்குப் போன் செய்தால், ஆள் வரும்வரை ஓடுமே, அந்த மெட்டு.

பதிப்பாசிரியர் என்ற முறையில் அவருக்குச் சில கொள்கைகள் உண்டு. இடது கைக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரத்துக்கு மேல் தருவதில்லை. கூட வாசிக்கும் சுப்புலக்ஷ்மி மாமிக்குக் கறுப்புக் கட்டைகள் ஒத்துவராது என்பதால் அவை வரும் இடங்களையெல்லாம் வெள்ளையடித்துவிட்டார். நாலு நிமிடத்தைத் தாண்டினால் நடுவில் வெட்டு. கிளெய்ம் பாரங்களில் பழகிய கை. இவ்வளவும் செய்துவிட்டு, “அசல்ல என்ன இருக்கோ அதேதான்” என்று சத்தியம் செய்வார்.

டாலிகஞ்சில் அவர்கள் இருக்கும் குடியிருப்பில் ஞாயிறு மாலை நாலரைக்கு ஐந்து பெண்கள், ஐந்து கீபோர்டு. துர்கா பூஜா மேடைக்கு இவர்களை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. பூஜா வந்தால் போக் என்னும் பிரசாதம் பரிமாற நல்ல கைகள் என்ற அளவில்தான் கமிட்டிக்கு இவர்களைத் தெரியும். இந்த வருஷம் கலை நிகழ்ச்சிச் செயலாளராகத் தமிழ்ப் பெண் ஸ்மிதா வந்ததும், யசோதா போய்க் கேட்டு, ஐந்து நிமிடம் வாங்கிவிட்டார். சப்தமி சாயங்காலம், மைக், லைட், எதிரே நானூறு நாற்காலி. பதினைந்து வருஷமாக மூடிய கதவுக்குப் பின்னால் வாசித்தவருக்கு அந்த ஐந்து நிமிடம் கழுத்துச் சங்கிலியைவிடப் பெரிது.

சப்தமிக்கு மூன்று வாரம் முன்னால் ஸ்மிதா ஒத்திகை பார்க்க வந்தார். முதல் பதின்மூன்று வரி ஒழுங்காகப் போயிற்று. பதினாலாவது வரியில் ஒரே இடத்தில் ஐந்து கீபோர்டும் சேர்ந்து, டிராம் பிரேக் போட்டது மாதிரி கத்தின. இத்தனை வருஷமும் ஆளுக்கொரு வேகத்தில் வாசித்ததில் இது யார் காதிலும் விழுந்ததில்லை.

“யாரு அது?” என்றார் யசோதா.

“நான் சரியாத்தான் வாசிக்கறேன்,” என்றார் சுப்புலக்ஷ்மி மாமி. “ம.”

“ம இல்லே மாமி, ப,” என்றார் பக்கத்தில் இருந்த கிருஷ்ணம்மாள். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாமியிடம் இருந்தது முதல் ஜெராக்ஸ். மற்றவர்களிடம் இருந்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். தமிழில் ப-வுக்கு ஒரு வால் முளைத்தால் ம. நாலு காகிதத்தில் வால் இல்லை. மாமியின் காகிதத்தில் வால் மாதிரி ஒன்று இருந்தது. அது வாலா, காபிக் கறையா என்று சொல்ல முடியவில்லை. பென்சிலில் எழுதிய அசல், பழைய பேப்பர்காரரோடு போய் நாலு வருஷம்.

“எழுதினது நீதானே? நீ சொல்லேன்,” என்றார் மாமி.

யசோதா ம வாசித்தார். நன்றாக இருந்தது. ப வாசித்தார். அதுவும் நன்றாக இருந்தது.

ஸ்மிதா போனில் மணி பார்த்தார். “ஆன்ட்டி, ஷோஜா கோதா, நேராவே சொல்றேன், ராக் பண்ணாதீங்கோ, கோவிச்சுக்காதீங்கோ. ஜும்பா டான்ஸ் டீம் ரெண்டு மாசமா என் பின்னாடி பின்னாடி வர்றா. நெக்ஸ்ட் சண்டே வருவேன். அன்னிக்கும் இப்படி இருந்தா ஸ்லாட் அவாளுக்கு.”

வீட்டில் கணவர் ரங்கநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலை அவருக்கு. “பேப்பர்ல ஒண்ணு, பெட்டிக்குள்ள ஒண்ணு இருந்தா நாங்க சீல் வெச்சுடுவோம்.”

“நீங்க ஒண்ணும் வெக்க வேண்டாம். வாயை மூடிண்டா போதும்.”

மறுநாள் மதியம் ஆபீஸ் கேன்டீனிலிருந்து யசோதா மூலத்தையே நாடினார். கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“சொல்லுங்க மேடம்,” என்றது பெங்காலியில் ஒரு பெண் குரல்.

“என்னைக் கொஞ்சம் ஹோல்டுல போடும்மா.”

“என்ன கம்ப்ளெயின்ட் மேடம்?”

“கம்ப்ளெயின்டே இல்லை. ஹோல்டுல போடு. அஞ்சு நிமிஷம்.”

அந்தப் பெண் சூப்பர்வைசரைக் கேட்டாள். சூப்பர்வைசர் எதற்கும் இருக்கட்டும் என்று ஹோல்டில் போட்டார். மெட்டு ஆரம்பித்தது. யசோதா பென்சிலைப் பிடித்துக்கொண்டு வரி எண்ணினார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினாலாவது வரியில், சரியாக அந்த ஸ்வரம் நீளும் இடத்தில், மெட்டை அமுக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது: உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. குரல் ஓய்ந்தபோது மெட்டு அடுத்த ஸ்வரத்துக்குப் போயிருந்தது. மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அழைப்பு முக்கியமாகத்தான் இருந்தது.

ஆக, அந்த ஒரு ஸ்வரத்தை யசோதா கேட்டதே கிடையாது. ஓட்டையை அவரே ஏதோ போட்டு அடைத்திருக்கிறார். அசலில் என்ன இருக்கோ அதேதான்!

இனி ஒரே வழி, B பிளாக்கில் எல்லாரும் ‘தி’, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஷர்மிஷ்டா தி. எழுபது வயது, நிஜப் பியானோ, லண்டன் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர். யசோதா வழியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. புதன்கிழமை சாயங்காலம், முறுக்கு டப்பாவோடு படியேறினார்.

ஷர்மிஷ்டா தி தமிழ்க் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யசோதா மெட்டை முனகிக் காட்டியதும் முகம் மலர்ந்தது. “ஓ, இதுவா! பாதியைக் காணோமே?”

“சுருக்கினேன்.”

“கறுப்புக் கட்டைகள்?”

“அதுவும்தான்.”

கிழவி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து தடிமனான ஜெர்மன் பதிப்பை எடுத்து, விரலை ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்தினார். அங்கே F இருந்தது, அதாவது யசோதாவின் ம. மேலே ஒரு குட்டி நட்சத்திரம். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து பக்கத்தின் அடிக்குப் போனால் எறும்பெழுத்தில் ஒரு குறிப்பு: மூலப் பிரதியில் கையெழுத்து தெளிவாக இல்லை; சில பதிப்புகளில் G.

“G-ன்னா?” என்றார் யசோதா.

“உன்னுடைய ப.”

“மெட்டுப் போட்ட மனுஷன் கையெழுத்தே புரியற மாதிரி இல்லையா?”

“படு மோசம். இருநூறு வருஷமா சண்டை. நான் F சொல்லிக்கொடுக்கிறேன், பரீட்சையில் இந்தப் புத்தகம்தான் என்பதால். நீ யார் பதிப்பைப் பின்பற்றுகிறாய்?”

“என் பதிப்பைத்தான்.”

“அப்படியானால் நீதான் முடிவு செய்யவேண்டும்,” என்று ஷர்மிஷ்டா தி முறுக்கை உடைத்தார்.

இறங்கிவரும்போது யசோதாவுக்குப் படி தெரியவில்லை. மூன்று நாளாகக் குற்றவாளி மாதிரி நடந்தவர், இப்போது ஜெர்மன்காரர்களோடு சரிசமமாகக் குழம்பியவர்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்மிதா வருவதற்குக் கால் மணி முன்னால் தீர்ப்புச் சொன்னார். “ப. நாலு பேருக்கு அதான் விரல்ல ஏறியிருக்கு.”

“எனக்கு ம ஏறியிருக்கே,” என்றார் சுப்புலக்ஷ்மி மாமி. “பத்து வருஷமா வாசிச்ச விரல். அது பாட்டுக்கு அங்கேதான் போகும்.”

“அப்போ அந்த இடத்துல கையை எடுத்துடுங்கோ மாமி. ஒரே ஒரு ஸ்வரம்.”

“எல்லாரும் வாசிக்கறச்சே நான் மட்டும் பொம்மை மாதிரி உக்காந்திருக்கணுமா? நானூறு பேர் பார்ப்பா.”

யசோதா மாமியின் புடவையைப் பார்த்தார். “தலைப்பைச் சரி பண்ணிக்கோங்கோ.”

மாமி இதை எதிர்பார்க்கவில்லை. கீபோர்டிலிருந்து வலது கையை எடுத்து, புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டு, திரும்பக் கட்டைக்கு வந்து பார்த்தார். கச்சிதமாக ஒரு ஸ்வரம் கழிந்திருந்தது. “பட்டு கட்டிண்டா இன்னும் நன்னா இருக்கும்,” என்று ஒப்புக்கொண்டார்.

ஸ்மிதா வந்தார், கேட்டார். பதினாலாவது வரி சத்தமில்லாமல் தாண்டிப் போயிற்று. “ஆன்ட்டி, தாருண்! பிரமாதம்! அந்தத் தலைப்பு ஸ்டெப் யார் கோரியோகிராப்? அஞ்சு பேரும் சேர்ந்து பண்ணினா?”

“கூடாது,” என்றார்கள் ப வாசிக்கும் நாலு பேரும் ஒரே குரலில்.

சப்தமியன்று மாலை ஆறே முக்காலுக்கு, சங்கு ஊதும் போட்டி முடிந்ததும், ஐந்து கீபோர்டுகளும் மேடை ஏறுகின்றன. ஜும்பா அதற்குப் பிறகு.